பழைய இடத்துக்கே போன கை

எங்கள் அலுவலகத்தில் யாராவது "மின்னல்" என்றால் ஒருவரும் வானத்தைப் பார்க்க மாட்டோம். ஜன்னலோர மேசையைத்தான் பார்ப்போம். அங்கே சுவருக்கு முகம் கொடுத்து, விசைப்பலகையைப் பார்க்காமல், பாதி நேரம் திரையையும் பார்க்காமல் படபடவென்று தட்டிக்கொண்டிருப்பவர்தான் மின்னல் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒருமுறை அக்கா மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாரென்று டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவர், இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஆபீஸ்லதான் மின்னலா? வீட்டுல ஒரு வெங்காயம் நறுக்கச் சொல்லிப் பாருங்க, மின்வெட்டுதான்" என்றார்.

நான் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் நடக்கிறவள். அக்காவுக்குப் பக்கத்து மேசை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சீக்கிரம் வரும். இரண்டையும் அக்கா பல வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டால் நீதிபதி எல்லோரையும் உள்ளே தள்ளிவிடுவதில்லை. "வீட்டிலேயே இரு, ஆனால் சொன்னபடி இரு" என்று நிபந்தனை போட்டு அனுப்புவார். வாரத்துக்கு ஒருமுறை எங்களிடம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ ஒழுங்காகப் போக வேண்டும். இதில் எது தவறினாலும் அதற்குப் பெயர் மீறல். பிள்ளைகளைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலர் அதை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார். அக்கா அதைக் கணினியில் ஏற்றுவார். வழக்கு விவரம் அத்தனையும் உள்ளே இருக்கும் அந்த மென்பொருளை நாங்கள் சிஸ்டம் என்றுதான் சொல்வோம். அதில் ஏற்றிச் சேமித்துவிட்டால் பதிவு பூட்டிக்கொள்ளும். கறந்த பால் மடி ஏறாது.

அந்தப் பிள்ளைகள் காத்திருப்பதற்கென்று வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அக்காவின் நாற்காலி அதற்கு முதுகு காட்டித்தான் இருக்கும். அவரே கேட்டுப் போட்டுக்கொண்ட இடம் அது. ஏன் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"முகத்தப் பார்த்தா பாவமா இருக்கும்டி. பாவம் பார்த்து ஒருத்தனுக்குக் கொறச்சு எழுதினா, முகம் கடுகடுன்னு இருக்கறவனுக்குக் கூட்டி எழுதின மாதிரிதானே? எனக்கு நம்பர் போதும்."

எனக்கு அது சரியென்றும் பட்டது, கல்நெஞ்சென்றும் பட்டது. இன்றுவரை எது என்று தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் அக்கா கல்நெஞ்சுக்காரர் இல்லை. வேலையில் இருக்கும்போதே அப்பா இறந்துபோக, பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்த வேலைக்கு வந்தவர். பின்னால் இரண்டு தம்பிகளும் ஒரு அம்மாவும் இருந்தார்கள். அழுதுகொண்டு உட்காரக்கூட நேரமில்லாமல் தட்டச்சு கற்றுக்கொண்டாராம். "விரல் ஓடறப்ப மனசு சும்மா இருக்கும், அதான் பிடிச்சுப் போச்சு" என்பார். அந்த வேகம் அவருக்குச் சோறு போட்டது, தம்பிகளைக் கரையேற்றியது. அதில் அவருக்குப் பெருமை உண்டு. இருக்கத்தானே செய்யும்? எங்கள் கண்காணிப்பாளர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்த நாற்காலி அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் சிஸ்டத்தை மாற்றினார்கள்.

மாற்றுவதைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஒருநாள் காலையில் உள்ளே நுழைந்தவுடன் திரையில் ஒரு பெட்டி வந்தது. பொடி எழுத்தில் என்னென்னவோ எழுதி, கீழே "புரிந்தது" என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் வேலை செய்ய விடும். அலுவலகமே அமுக்கியது. ஒருவருக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

அந்தப் பொடி எழுத்தில் இருந்த விஷயம் இதுதான். மீறலைப் பதியும்போது காரணம் கேட்கும், ஒரு பட்டியல் விரியும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பட்டியலில் மூன்றாவதாக இருந்தது "தாமத வருகை". எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி அதுதான். அதனால் அக்காவின் விரல் கீழ்நோக்கிய அம்புக்குறியை டக் டக் டக் என்று மூன்று தடவை தட்டி, உடனே சேமித்துவிடும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. புதுப் பட்டியலில் கடுமையான காரணங்களை மேலே ஏற்றியிருந்தார்கள். பெரிய குற்றம் முதலில், சின்னக் குற்றம் கடைசியில். சம்பந்தி வீட்டுச் சண்டையில் இப்படித்தான் வரிசைப்படுத்துவார்கள். மூன்றாவது இடத்துக்கு இப்போது வந்திருந்தது "தலைமறைவு".

அன்று பிற்பகல் ஒரு சீட்டு வந்தது. பதினாறு வயதுப் பெண். பேருந்து கிடைக்காமல் கையெழுத்துப் போட அரைமணி நேரம் பிந்தி வந்தாள். அலுவலர் "தாமதம்" என்று எழுதி மேசையில் வைத்துவிட்டு வெளி வேலைக்குப் போய்விட்டார். அக்கா எண்ணைத் தட்டினார். டக் டக் டக், சேமி. அடுத்த சீட்டை எடுத்தார்.

மற்ற மீறல்கள் அலுவலர் பார்த்து ஒப்புதல் தரும்வரை காத்திருக்கும். தலைமறைவு காத்திருக்காது. சேமித்த நொடியே காவல் நிலையத்துக்குத் தகவல் பறந்துவிடும்.

மறுநாள் காலை நான் நீதிமன்றத்தில் இருந்தபோது அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கைபேசி பழுதுபார்க்கும் பயிற்சி வகுப்பிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். கையில் இன்னும் ஒரு சின்னத் திருப்புளி இருந்தது, அதைப் பிடுங்கி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. "நீ தலைமறைவுன்னு பதிவாயிருக்கு" என்று நீதிபதி அம்மா சொன்னதும் அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"தலைமறைவா இருந்தா எப்படி மேடம் என்னை நேரா வகுப்புக்கு வந்து பிடிச்சாங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் அன்று வழக்குகள் மலையாகக் குவிந்திருந்தன. பதிவில் இருக்கிறதே என்று நீதிபதி அம்மா விசாரணை முடியும்வரை கூர்நோக்கு இல்லத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். உயரமான சுவரும் இரும்புக் கதவும் உள்ள இடம். இல்லம் என்பது பெயரில் மட்டும்தான்.

மதியம் அலுவலகத்துக்குத் திரும்பி டப்பாவைத் திறந்துகொண்டே இந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "நம்பர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே எழுந்து போய்த் திரையைத் திறந்தார். அதுவரை அவர் திரையை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. பட்டியலை விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். பிறகு துண்டுச் சீட்டைத் தேடி எடுத்தார். அலுவலரின் கிறுக்கலில் "தாமதம்" தெளிவாகத்தான் இருந்தது.

"நான்தான்டி" என்றார். "அந்தப் பொண்ண உள்ள வச்சது நான்தான்."

புதுப் பட்டியல் வந்த பிறகு ஏற்றிய அத்தனை பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். வேறெதிலும் தப்பு இல்லை. அந்த ஒன்றரை நாளில் மீறல் என்று வந்த சீட்டே அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கையெழுத்து, முகவரி விவரம். அதில் அவருக்கு ஆறுதல் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

கண்காணிப்பாளர் சண்டை சச்சரவு இல்லாமல் ஓய்வு பெற்றுப் போக வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"மென்பொருள் கோளாறுன்னு எழுதிடலாம்மா. உண்மையும் அதானே? பட்டியலை மாத்தினது அவங்க. வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில விட்டுக்கற?"

"கோளாறுன்னு எழுதினா தலைமை அலுவலகத்துக்குப் போகும் சார். அங்கேருந்து ஆள் வந்து பார்க்கணும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு உள்ளயே இருக்கணும். பதிஞ்சவங்க தப்புன்னு எழுதினா நாளைக்கே நீதிபதி ரத்து பண்ணலாம்."

"உனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். பதவி உயர்வு போச்சுன்னு வச்சுக்கோ."

"வச்சுக்கறேன் சார்" என்றார் அக்கா.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பட்டியலை மாற்றியவன் எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான், "புரிந்தது" பொத்தானை அலுவலகமே அமுக்கியிருக்கிறது, பழி மட்டும் ஒரு தலையில். இதை நான் வாய்விட்டே சொன்னேன். அக்கா காதில் வாங்கவில்லை. நீதிபதிக்கு எழுதிய அந்த மனுவை மட்டும் அவர் மின்னலாக அடிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி அடிக்கிறவர் மாதிரி அடித்தார்.

மறுநாள் நீதிபதி அம்மா மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷ அனுபவம். பார்க்காமலா பதிஞ்சீங்க?"

"ஆமாங்க மேடம். பார்க்கல" என்றார் அக்கா. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது சொல்வார்களென்று நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

தலைமறைவு ரத்தானது. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. வயது வராத பெண்ணை அவள் பாட்டுக்கு வெளியே விட முடியாது. பெற்றவர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மா நீதிமன்றத்துக்கு வரவில்லை. நன்னடத்தை அலுவலர் கைபேசியில் கூப்பிட்டபோது, "அங்கேயே இருக்கட்டும் சார். ஓடறவளை நான் எத்தனை தடவ தேடறது?" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

காரணம் இருந்தது. இந்த வழக்கெல்லாம் வருவதற்கு முன்பு அந்தப் பெண் ஒருமுறை நிஜமாகவே வீட்டை விட்டுப் போயிருக்கிறாள். அந்த அம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, கடைசியில் பிணவறை வரைக்கும் போய்த் தேடியிருக்கிறார். திரும்பி வந்தவளிடம், "இன்னொரு தடவ ஓடினா நீ என் பொண்ணும் இல்ல, நான் உன் அம்மாவும் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். இப்போது அவர் காதில் விழுந்தது தலைமறைவு என்ற ஒரே சொல்தான். அந்த அம்மா வராவிட்டால், தப்பே செய்யாத பெண் உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

"வண்டிய எடு" என்றார் அக்கா. அன்று மாலை என் ஸ்கூட்டரில் போனோம்.

இரண்டாவது மாடியில் ஒரே அறை, அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு மூலை. துவைத்த துணிகள் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து அடுக்கப்பட்டிருந்தன. அந்த அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவர். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "உங்க பொண்ணு எங்கேயும் ஓடலம்மா. அன்னிக்குக் கொஞ்சம் லேட்டா வந்தா, அவ்வளவுதான். நான்தான் தப்பா பதிஞ்சிட்டேன்."

அந்த அம்மா காலி டம்ளரை வாங்கி வைத்தார். "உங்களுக்கு நல்ல மனசு மேடம்" என்றார். "அவ அழுதிருப்பா. நீங்க பாவம் பார்த்து உங்க மேல போட்டுக்கறீங்க."

"இல்லம்மா, நிஜமாவே."

"மனுஷங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். வேண்டாதவங்க சொல்வாங்கன்னு விட்டிருப்பேன். கம்ப்யூட்டருக்கு என் பொண்ணு மேல என்ன பகை?"

அக்கா பட்டியலைப் பற்றிச் சொன்னார், அம்புக்குறியைப் பற்றிச் சொன்னார். மடியில் விரலைத் தட்டிக் காட்டினார். நான் நடுவில் புகுந்து நீதிபதியே ரத்து செய்துவிட்டார் என்றேன். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. முகம் பார்க்காமல் எழுதினால்தான் நியாயம் என்று அத்தனை வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்த அக்கா, இப்போது அந்த முகத்தையே பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அந்த அம்மா விளக்குப் போட எழுந்தார். வாசலுக்கு இடப்பக்கம் போய்ச் சுவரில் கையை வைத்துத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை. புதிதாகச் சிமெண்டு பூசிய ஒரு திட்டுதான் இருந்தது. "ச்" என்று சலித்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பினார்.

"இருங்கம்மா" என்றார் அக்கா. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அப்படியே இருங்க. இப்ப உங்க கை எங்க போச்சு?"

அந்த அம்மா குழப்பத்தோடு நின்றார். "சுவிட்சுக்குத்தான். சுவர்ல தண்ணி எறங்குதுன்னு வீட்டு ஓனர் போன மாசம் இந்தப் பக்கம் மாத்திட்டார்."

"மாத்தினது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம? பக்கத்துல நின்னு பார்த்தவளே நான்தான். தெரிஞ்சு என்ன, கை கேக்க மாட்டேங்குது. தினமும் பழைய இடத்துக்கே போகுது."

"அதுதாம்மா நடந்துச்சு" என்றார் அக்கா. "எனக்கும் இடத்த மாத்திட்டாங்க. என் கையும் பழைய இடத்துக்கே போச்சு. உங்க கை வெறும் சுவர்ல பட்டுது. என் கை உங்க பொண்ணு மேல பட்டுடுச்சு."

அந்த அம்மா விளக்கைப் போடவில்லை. அந்தச் சிமெண்டுத் திட்டில் மறுபடி கையை வைத்தார்.

"அப்ப அவ ஓடலையா?" என்று கேட்டார்.

"ஓடல."

"பிடிச்சன்னிக்குப் போலீஸ்காரர் போனை அவ கையில கொடுத்தப்ப, எனக்கு நீ பொறக்கவே இல்லன்னு சொல்லிட்டேனே. அம்மா நான் எங்கேயும் போகலம்மான்னு அவ சொல்லச் சொல்ல போனை வச்சிட்டேனே."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்கத்தான் நான் போய் வலப்பக்கச் சுவிட்சைப் போட்டேன்.

இப்பவே போகலாமா என்று அந்த அம்மா செருப்பைத் தேடினார். காலையில்தான் கதவைத் திறப்பார்கள் என்று சொன்னோம். நாங்கள் கிளம்பும்போது அவர் பெண்ணின் சுடிதார் ஒன்றை விரித்து இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். நாளெல்லாம் அதே வேலை செய்துவிட்டு வந்த கை.

காலையில் இரும்புக் கதவுக்கு வெளியே நான்தான் கையெழுத்து வாங்கினேன். அக்காவும் வந்திருந்தார், கொஞ்சம் தள்ளி நின்றார். பெண் வெளியே வந்தாள். அம்மாவை முதலில் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி நேராக எங்கள் பக்கம் வந்தாள்.

"நீங்கதான் அதைப் பதிஞ்சதா?"

"ஆமாம்மா. என் தப்பு. மன்னிச்சிடு" என்றார் அக்கா.

அவள் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு பூதத்தை எதிர்பார்த்து வந்தவளுக்குக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்மணி கிடைத்தால் என்ன செய்வாள்? "பார்த்துப் போடுங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான். அக்கா தலையாட்டினார்.

பிறகுதான் அம்மாவிடம் திரும்பினாள். "நான் சொன்னப்ப நம்பல. இவங்க வந்து சொன்னாத்தான் நம்புவியா?"

அந்த அம்மா இஸ்திரி போட்ட சுடிதார் இருந்த பையை நீட்டினார். பெண் அதை வாங்காமல் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். அம்மா பின்னாலேயே போனார். பல மணி நேரம் நின்று வேலை செய்கிறவர், கால் வீங்கியிருந்தது, வேகமாக நடக்க வரவில்லை. இடைவெளி கூடிக்கொண்டே போனது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெரு முனையில் பெண் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அம்மா வந்து சேரும்வரை அங்கேயே நின்றாள்.